நடுக்கோடு கீற ஒரு ட்ரில் பிட் போதும்

முதல் சமையல் கத்திக்காக வெட்டிய தகட்டில், கூர் வரவேண்டிய விளிம்பு முழுக்க மார்க்கர் மை பூசி, சமமான கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். தகடு 3 மி.மீ. தடிமன் என்றால் 3 மி.மீ. ட்ரில் பிட்டையும் அதே கண்ணாடியில் படுக்கவைத்து, முனையால் விளிம்பு நெடுகக் கீறுங்கள். தனிக்கருவி வாங்கத் தேவையில்லை.

பிட்டின் முனை அதன் விட்டத்தின் சரிபாதியில் இருப்பதால், கோடு தடிமனின் நடுவில் விழும். தகட்டைப் புரட்டி இன்னொரு முறையும் கீறுங்கள். சிறிது பிசகியிருந்தால் இரண்டு கோடுகள் தெரியும். நடு அவற்றுக்கு இடையில்தான். பழகாத கை ஒரு பக்கத்தையே அதிகம் அராவும், அதைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது இந்தக் கோடு. பதம் ஏற்றும் முன், அதாவது கத்தியைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கும் முன், கோட்டின் இருபுறமும் சமமாக, மொத்தம் ஏறக்குறைய 1 மி.மீ. விட்டுவையுங்கள். அதைவிட மெலிந்தால் சூட்டில் விளிம்பு நெளிய வாய்ப்பு அதிகம்.

தகடு வளைந்திருந்தால் முதலில் நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் கோடும் கோணும். முனை ஒருபக்கமாகத் தேய்ந்த பிட் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைக்கும் கத்திக்கு இது உதவாது.