சிறுநீர்ப்பைக் கட்டி: செல்லை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீர்ப்பைக் கட்டியைக் கண்டறிய, சிறுநீரில் உதிர்ந்த செல்களையும் கட்டியிலிருந்து எடுத்த திசுவையும் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். அப்போது ஒருவர் கண்ணுக்குப் பெரிதாகப்படும் உட்கரு (செல்லின் மையப் பகுதி), இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தெரியும். அளந்து பார்த்தால் இந்த வேறுபாடு குறையும். ஆனால் தவறான செல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

சிறுநீர்ப்பையின் உள்பரப்பில் இருக்கும் குடை செல்கள் இயல்பாகவே பெரியவை. ஒரே செல்லில் இரண்டு மூன்று உட்கருக்கள்கூட இருக்கும். இவற்றைக் கணக்கில் சேர்த்தால் சராசரி வீணாக ஏறிவிடும். கல், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), பிசிஜி சிகிச்சை (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் நோயெதிர்ப்பு மருந்து), சிறுநீர்ப்பாதையைத் தாக்கும் பிகே வைரஸின் தொற்று ஆகியவையும் செல்லின் தோற்றத்தை மாற்றும். அதனால் நோயாளியின் முந்தைய சிகிச்சை விவரம் தெரியாமல் அளக்கத் தொடங்கக் கூடாது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரும் வேண்டாம். இரவு முழுக்கத் தேங்கியதில் செல்கள் சிதைந்திருக்கும்.

அதிகம் குழப்புவது, செல்லில் உட்கரு எவ்வளவு பங்கு என்ற விகிதம்தான். சிறுநீர் செல் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பாரிஸ் முறையில், உயர்தரப் புற்றுநோய் (வேகமாகப் பரவக்கூடிய வகை) என்று சொல்ல உட்கரு செல்லின் 0.7 பங்காவது இருக்க வேண்டும். இது பரப்பளவைக் கொண்டு பார்க்க வேண்டிய கணக்கு. விட்டத்தை அளந்து 0.7 வந்தால் பரப்பளவு விகிதம் 0.49தான், 0.7 பரப்பளவுக்கு விட்டம் ஏறக்குறைய 0.84 இருக்க வேண்டும். எதை அளந்தோம் என்று எழுதாத அறிக்கையை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. விகிதம் மட்டும் போதவும் போதாது. அடர் நிறம், ஒழுங்கற்ற உட்கரு விளிம்பு, கரடுமுரடான குரோமாட்டின் (உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருள்) ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அளவுத்திருத்தம். லென்ஸை மாற்றியபின் மைக்ரான் அளவை மறுபடி சரிபார்க்காவிட்டால், நீளத்தில் 10 சதவீதப் பிழை பரப்பளவில் 21 சதவீதமாகிவிடும்.

சிறுநீர் செல்லுக்குப் பதிலாகக் கட்டியிலிருந்து எடுத்த திசுத் துண்டு என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலும் மெழுகிலும் செல் சுருங்கும் என்பதால், சிறுநீர் ஸ்லைடில் கிடைத்த எண்ணோடு அதை நேரடியாக ஒப்பிட முடியாது. கட்டியை வெட்டியெடுக்கும் மின்கருவியின் சூட்டில் கருகிய ஓரங்களில் உட்கரு இழுபட்டு நீண்டிருக்கும். அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த உட்கருக்களை மென்பொருள் ஒன்றாக எண்ணிவிடும். விளிம்புக் கோட்டை ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது நல்லது.

உட்கருவின் அளவு, கட்டி எந்தத் தரம் என்று கணிக்க உதவும். கட்டி தசைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்குத் தசை அடுக்கும் அடங்கிய பயாப்ஸி (திசு மாதிரி) வேண்டும்.