எம்.ஏ. வரலாறு: பி.ஏ.வையே இன்னொரு தடவை படிக்காதீர்கள்

எம்.ஏ. முதல் செமஸ்டரில் நான் எழுதிய முதல் அசைன்மென்ட் சோழர் கால ஊராட்சி பற்றியது. பன்னிரண்டு பக்கம். ‘உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர் உத்திரமேரூர்’ என்று ஆரம்பித்துக் குடவோலை முறையைக் கொண்டாடி முடித்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: ‘கல்வெட்டைப் படித்தீர்களா?’

எங்கே படித்தேன்! பி.ஏ. கைடில் இருந்ததைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தேன். அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருப்பது இரண்டு கல்வெட்டுகள். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது 919, 921. முப்பது குடும்புகள் (ஊரின் வார்டுகள்), ஓலையில் பெயர், குடம், அதிலிருந்து எடுக்க ஒரு சிறுவன் எல்லாம் சரி. ஆனால் யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஊரே பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். பயிர் செய்த ஆட்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. இன்னொன்று: முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே வருடத்தில் விதியை ஏன் மாற்றினார்கள்? முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய உறவினர்களையும் ஏன் விலக்கி வைத்தார்கள்? முன்பு என்ன தில்லுமுல்லு நடந்திருக்கும்? எம்.ஏ. மாணவன் கேட்க வேண்டியது இதைத்தான். ‘என்ன நடந்தது’ என்று பி.ஏ.வில் படித்தாயிற்று. ‘அது நமக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்காமல் அதே விடையை அதிகப் பக்கத்தில் எழுதுவதுதான் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செய்த தவறு.

அடுத்தது ஆண்டு. கைடில் ‘919’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். அரசன் பெயர்கூடப் பல இடங்களில் தெளிவாக இருக்காது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். வெறும் ‘கோப்பரகேசரி’ என்று இருந்தால் அது எந்தப் பரகேசரி என்று எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), ஊழியர் பெயர், கோயில் என்று பலதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ராஜராஜன் காலத்திலிருந்து, அரசனின் சாதனைகளைச் சொல்லும் முன்னுரையான மெய்க்கீர்த்தி வந்துவிடுவதால் வேலை கொஞ்சம் எளிது. பிற்காலப் பாண்டியரிடம் போனால் ஒரே பெயரில் பல சுந்தர பாண்டியர்கள் வந்து மறுபடி தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

நவீன காலம் எடுத்தவர்களும் தப்ப முடியாது. பழைய தமிழ் அச்சு நூல் ஒன்றில் ‘பிரபவ வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867இலும் வரும், 1927இலும் வரும். அதோடு தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், தை என்றால் 1868 அல்லது 1928 ஜனவரி-பிப்ரவரி ஆகிவிடும். ‘1867’ என்று அவசரமாக அடிக்குறிப்பு போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை நானே போட்டிருக்கிறேன்.

இனி புராஜெக்ட். தலைப்பு வைக்கும் நாளிலேயே பாதிப் பேர் தோற்றுவிடுகிறார்கள். ‘இந்திய விடுதலைப் போரில் தமிழகத்தின் பங்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு மாதத்தில் அறுபது பக்கம் எழுதப் போகிறேன் என்றால், அந்த அறுபது பக்கமும் யாரோ ஏற்கெனவே எழுதியதன் சுருக்கமாகத்தான் இருக்கும். ‘1908 தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம்’ என்று வைத்துப் பாருங்கள். ஒரு ஊர், ஒரு ஆலை, பிப்ரவரியில் தொடங்கிய ஒரு போராட்டம், அதையொட்டி மார்ச்சில் வ.உ.சி. கைது, திருநெல்வேலிக் கலகம். எதைத் தேட வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள், நிர்வாகம் என்ன கொடுத்தது, கலெக்டர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.

சரி, தலைப்பு கிடைத்தது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் அட்டவணையில் ‘தூத்துக்குடி மாவட்டம்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாவட்டம் பிறந்ததே 1986இல். 1908இல் அது திருநெல்வேலிக்குள் இருந்தது. ஆங்கிலக் கோப்பில் அந்த மாவட்டம் ‘டின்னவேலி’, ஊர் ‘டூட்டிகொரின்’. காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’, தரங்கம்பாடி ‘டிராங்க்யூபார்’. தருமபுரியைச் சேலத்துக்குள் தேட வேண்டும், 1965இல்தான் பிரிந்தது. பழைய பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மிச்சமாகும்.

அங்கே உட்காரும்போது இன்னொரு வலை காத்திருக்கும். தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று அரசு மொழிபெயர்ப்பாளர்கள் வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த அறிக்கைகள் இருக்கின்றன. கையில் எடுத்தால் இனிக்கும், எல்லாம் சுருக்கமாக ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் அரசு எதைப் பார்த்துப் பயந்ததோ அதைத்தான் அதில் சுருக்கியிருப்பார்கள். அதை மட்டும் படித்துவிட்டு ‘பத்திரிகைகள் இப்படி எழுதின’ என்று எழுதக் கூடாது. மூலப் பத்திரிகையின் ஒரு இதழையாவது தேடிப் பிடியுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகம் இந்த மாதிரித் தேடலுக்கு நல்ல இடம்.

தமிழ் தெரிந்திருப்பதைக் குறையாக நினைக்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பைத் தமிழ் மாணவர்களே 1904க்கும் 1928க்கும் இடையில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள். பிள்ளை எழுதியது தமிழ், அதுவும் பேச்சு வாடை அடிக்கும் தமிழ். அதைத் திரும்ப ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் போடுவது மூக்கைச் சுற்றித் தொடுவதுதான்.

வரலாற்று வரைவியல் (வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பது பற்றிய) பேப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ராங்கே, மார்க்ஸ், அன்னல்ஸ் என்று பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை வலுவான மைய அரசாகப் பார்த்தார், பர்ட்டன் ஸ்டெயின் அதைக் கூறுபட்ட அரசு, அதாவது மையத்தின் பிடி தளர்ந்த அரசு என்றார், நொபொரு கராஷிமா கல்வெட்டுகளைக் குவியல் குவியலாக எண்ணிப் பார்த்து நில உடைமையைப் பேசினார். பெரும்பாலும் அதே கல்வெட்டுகள்தான், முடிவுகள் வேறு. இந்த ஒரு சண்டையை ஒழுங்காகப் படித்தாலே அந்தப் பேப்பர் கைக்குள் வந்துவிடும்.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ. மட்டும் போதாது, பி.எட். வேண்டும். கல்லூரி என்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். இதை நான்காம் செமஸ்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு திகைத்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர்.

காப்பகத்துக்குப் போவதையும் அந்த நான்காம் செமஸ்டர் வரை தள்ளிப்போடாதீர்கள். துறைத் தலைவரின் கடிதம் வாங்க வேண்டும், அட்டவணையில் எண் பிடிக்க வேண்டும், சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோப்பு பொடிந்துபோயிருந்தால் கொடுக்க மாட்டார்கள், வேறு எண் தேட வேண்டும். நான் சமர்ப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு போனேன். ஐந்து கோப்பு கேட்டதில் இரண்டு வந்தது.