நல்லவர் வேஷம் போடும் நாயகனை எழுதுவது எப்படி

முதலில் முடிவு செய்ய வேண்டியது, உங்கள் நாயகன் யாரை ஏமாற்றுகிறான் என்பது. ஊரை மட்டும் ஏமாற்றினால் அவன் வெறும் மோசடிக்காரன். துப்பறியும் கதைக்கு ஆவான். தன்னையும் சேர்த்து ஏமாற்றிக்கொள்கிறவன்தான் சிறுகதைக்கு ஆள். தான் செய்வதற்கு அவன் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அந்த வரி கிடைக்கும்வரை கதையைத் தொட வேண்டாம்.

அடுத்து வசனம். வரதட்சணையை எதிர்த்து மேடையில் பேசுகிறவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார். "ஐம்பது பவுன் போடுங்க" என்று கேட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். இப்படிப் பேச விடுங்கள்: "நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யப் போறீங்க. மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல அறுபது போட்டாங்க, நாங்க வேணாம்னுதான் சொன்னோம்." தனியாக எடுத்தால் ஒரு வாக்கியத்திலும் குற்றம் காண முடியாது. மூன்றும் சேர்ந்தால் பெண்ணின் அப்பாவுக்குக் கணக்குப் புரிந்துவிடும், வாசகருக்கும்தான்.

கட்டமைப்பைக் கற்க, ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1884இல் எழுதிய 'பச்சோந்தி' சிறுகதையைப் பென்சிலும் கையுமாகப் படியுங்கள். போலீஸ் அதிகாரி ஒச்சுமேலவ் சந்தைத் திடலில் நடந்து வருகிறார். பின்னால் வரும் காவலர் கையில், பறிமுதல் செய்த பழங்கள் நிறைந்த சல்லடை. ஆசிரியர் ஒரு சொல்லும் விமர்சிக்கவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சாட்சி ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. பொற்கொல்லர் ஒருவரின் விரலை நாய்க்குட்டி கடித்துவிட்டது. நாயைக் கொல்ல வேண்டும் என்கிறார் அதிகாரி. ஜெனரல் வீட்டு நாய் என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்ததும், கடிபட்டவரே குற்றவாளி. இப்படி ஐந்து முறை புரள்கிறது தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் மாறுவது ஒரே தகவல், நாய் யாருடையது என்பது. மனசுக்குள் நடப்பதை மேல்கோட்டு காட்டுகிறது: புழுக்கமாக இருக்கிறது, கழற்று என்கிறார், கொஞ்ச நேரத்தில் குளிர்கிறது, மாட்டிவிடு என்கிறார்.

1,500 சொல் கதைக்கு மூன்று புரளல்கள் போதும். முதல் சாட்சி 150 சொற்களுக்குள் வரட்டும். கோட்டு போல ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை அவன் கையாளும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். தனக்கு மேலே இருப்பவரோடும் கீழே இருப்பவரோடும் அவன் ஒரே காட்சியில் பேச வேண்டும். வேறு வேறு காட்சியில் வைத்தால் ஒப்பிடும் வேலை வாசகர் தலையில் விழும், பாதிப் பேர் செய்யமாட்டார்கள்.

பெரும்பாலான கதைகள் கெடுவது முடிவில். யாரோ ஒருவர் எழுந்து நாயகனின் முகத்திரையைக் கிழிப்பார், அல்லது அவனே அழுது திருந்துவான். இரண்டும் வாசகருக்கு நிம்மதி தந்து அனுப்பிவிடும். ஒச்சுமேலவுக்கு எதுவும் ஆவதில்லை. கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போகிறார். கூட்டம் சிரிப்பது கடிபட்டவரைப் பார்த்து. கடைசி வரியில் திடீர் ரகசியம் உடைப்பதும் ஆகாது. முன்னால் சாட்சி வைக்காத திருப்பம் ஏமாற்று வேலை.

திருத்தும்போது 'போலியாக', 'உள்ளுக்குள்', 'சிரிப்பதுபோல் நடித்து' போன்ற சொற்களைத் தேடி அடியுங்கள். பிறகு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "சே, என்ன மனுஷன்!" என்று உடனே சொன்னால் நாயகனின் சமாதானம் வலுவாக இல்லை, அந்த ஒரு வரிக்குத் திரும்பிப் போங்கள். "அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கே" என்று இழுத்தால் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்.