இங்கிலாந்தில் மாணவர் கடன்: முன்பு படித்த வருடங்கள் காலை வாரும் இடங்கள்

இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஸ்டூடன்ட் பினான்ஸ் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு கடனாகத் தருகிறது. முதல்முறை சேர்கிறவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் வருவதில்லை. ஒரு படிப்பைப் பாதியில் விட்டு வேறொன்றுக்கு மாறுகிறவர்களும், ஊரில் பட்டம் முடித்துவிட்டு இங்கே மறுபடி படிக்க நினைக்கிறவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

அடிப்படைக் கணக்கு இதுதான்: சேரப்போகும் படிப்பின் காலத்தோடு ஒரு வருடத்தைக் கூட்டி, முன்பு படித்த வருடங்களைக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிற வருடங்களுக்குத்தான் கட்டணக் கடன் கிடைக்கும். மூன்று வருடப் படிப்பென்றால் மொத்தம் நான்கு வருடம். முன்பு ஒரு வருடம் படித்து விட்டிருந்தால் மூன்று மிஞ்சும், கவலையில்லை. இரண்டு வருடம் படித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் இரண்டுதான் மிஞ்சும். அப்போது முதல் வருடக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். 2025-26இல் அதன் உச்சவரம்பு 9,535 பவுண்ட்.

இதில் அதிகம் பேர் சறுக்குவது, "சில வாரம்தானே போனேன், அது கணக்கில் வராது" என்ற நம்பிக்கையில். வரும். செப்டம்பரில் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு முன் விலகினாலும் முழு வருடமாகவே எண்ணுவார்கள். குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், கட்டணம் வேறு மாதிரி ஏறுகிறது: பொதுவாக முதல் டேர்மில் விலகினால் கால் பங்கு, இரண்டாம் டேர்மில் பாதி, மூன்றாம் டேர்மில் முழுவதும். கால் பங்கு கட்டணம்தான் கடனில் ஏறியது என்பதால் கால் வருடம்தான் போனது என்று நினைத்துவிடுகிறார்கள்.

"அப்போது கடன் வாங்கவில்லை, அப்பாதான் கட்டினார்" என்பதும் பொதுவாக உதவாது. சொந்தப் பணத்தில் படித்ததும், முடிக்காமல் விட்டதும் கணக்கில் சேரும்.

வெளிநாட்டுப் பட்டம் இன்னும் பெரிய தடை. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ முடித்த பட்டம் இங்கே வேலைக்கு உதவாமல் போயிருக்கலாம். ஆனாலும் அது இங்கத்தைய ஹானர்ஸ் பட்டத்துக்கு (வழக்கமான முழு இளங்கலைப் பட்டம்) சமமென்று கருதப்பட்டால், இரண்டாவது பட்டத்துக்குக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடைக்காது. அகதியாக வந்து வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறவர்களுக்கு இது கொடுமையான விதி என்றே நினைக்கிறேன். அதற்காக விண்ணப்பத்தில் பழைய பட்டத்தை மறைக்கக் கூடாது. பின்னால் தெரியவந்தால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

அதே சமயம், பட்டம் இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே விடுவதும் தவறு. நர்சிங், மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் பணிக்கான படிப்பு), பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கு விலக்கு உண்டு. பகுதிநேரமாகப் படிக்கும் பொறியியல், கணினி போன்ற பட்டங்களுக்கும் உண்டு. பட்டம் பெறாமல் விட்டவர்களுக்கு, கட்டணக் கடன் இல்லாத வருடத்திலும் வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டனன்ஸ் லோன் கிடைக்கலாம். அதை ஏனோ பலர் கேட்பதே இல்லை.

உடல்நலக் குறைவு, மன அழுத்தம், வீட்டில் மரணம், கர்ப்பம் போன்ற காரணங்களால் படிப்பு நின்றிருந்தால், அந்த வருடத்துக்கு ஈடாகக் கூடுதலாக ஒரு வருடம் கேட்கலாம். ஆனால் ஆதாரம் வேண்டும். டாக்டரின் கடிதம், பல்கலைக்கழகத்தின் கடிதம் எல்லாவற்றையும் விலகும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துப் பழைய ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, தேடி அலைவது பெரும்பாடு. அப்புறம், புதிய பல்கலைக்கழகத்திடம் நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். இரண்டு வருடம் படித்து விட்டவருக்கு மிஞ்சியிருக்கும் இரண்டு வருடக் கடன் அப்போது அப்படியே போதும்.

முதுகலைக்கு விதி தனி. மாஸ்டர்ஸ் ஏற்கெனவே இருந்தால், அதை எந்த நாட்டில் யார் பணத்தில் படித்திருந்தாலும், மாஸ்டர்ஸ் கடன் பொதுவாகக் கிடைக்காது. பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் முடித்த ஆசிரியர்களுக்கு இந்தத் தடை இல்லை, தாராளமாக விண்ணப்பிக்கலாம்.