லியோனில் பாஸ்வேர்டு ஏறாத மூன்று நாள்

கோடைப் படிப்புக்காக பிரான்ஸ் போனபோது ஆய்வகக் கணினியில் மூன்று நாள் லாகின் ஆகவில்லை. அதே பாஸ்வேர்டு என் ஃபோனில் வேலை செய்தது. இரண்டு முறை ரீசெட் செய்தும், கணக்கு பூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பாஸ்வேர்டைப் பயனர்பெயர்க் கட்டத்தில் தட்டினேன். 2 அடித்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'e' (é) நின்றது! பிரெஞ்சு அஸெர்ட்டி கீபோர்டில் ஏ-யும் க்யூ-வும், இஸட்டும் டபிள்யூ-வும் இடம் மாறியிருக்கும். எம், எல்லுக்கு வலப்பக்கம். கீபோர்டைப் பார்க்காமல் தட்டுகிற கை இதிலேயே கவிழும். எழுத்துகளைச் சரிசெய்தாலும் எண்கள் காலை வாரும்: மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும், முற்றுப்புள்ளிக்கும்தான். @ குறிக்கு ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் உள்ள ஆல்ட்ஜிஆர் (AltGr) விசையோடு 0. இடப்பக்க ஆல்ட் மட்டும் உதவாது. அப்படி அடித்ததும் உள்ளே விட்டது.