ஓசோன் நெல்லைக் காய வைக்காது

வன்னியில் காலபோக அறுவடை தை, மாசியில் மும்முரமாக நடக்கும். அறுவடை இயந்திரம் கொட்டும் நெல்லில் ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதோ 14. இடையில் மழை வந்தால் தறப்பாளுக்குள் நெல் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குத் தீர்வாகத்தான், காற்றிலிருந்து ஓசோன் வாயுவை உருவாக்கி நெல்லுக்குள் செலுத்தும் ஓசோன் கருவியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஓசோன் நீரை வெளியேற்றும் என்று நம்புவதுதான் முதல் தவறு. நீரை எடுப்பது காற்றும் வெப்பமும். மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த இந்த வாயு, மணியின் மேற்பரப்பிலுள்ள பூஞ்சணத்தையும் வண்டையும் தாக்குகிறது. அதனால் குறைந்த வெப்பத்தில் ஆறுதலாகக் காய வைக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். காற்றூதியில் காசை மிச்சம் பிடித்து ஓசோன் கருவி வாங்குபவருக்கு ஈர நெல்தான் மிஞ்சும்.

சூடான காற்றோடு ஓசோனைக் கலப்பதும் வீண், வெப்பத்தில் அது விரைவாகச் சிதைந்துவிடும். சாதாரண காற்றோடு அனுப்புங்கள். கருவிக்குள் போகும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். மாரிக் காலத்து ஈரக்காற்றை அப்படியே விட்டால் ஓசோன் குறைவாகவே உருவாகும். நைத்திரிக் அமிலமும் சேர்ந்து கருவியை அரிக்கும்.

பலரும் காற்றூதியின் வாயில் அளந்து பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். முதலில் போகும் ஓசோனைப் பதரும் தூசியும் உமியுமே தின்றுவிடும். ஆகவே நெல்லைத் தூற்றிச் சுத்தம் செய்துவிட்டு, குவியலின் மறுமுனையில் அளக்க வேண்டும். அமெரிக்காவில் சோளத்தில் செய்த ஆய்வொன்றில், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு ஓசோனை 3 நாள் செலுத்தியபோது பூச்சிகளில் 92 முதல் 100 சதவீதம் வரை மடிந்தன. மணியின் மேலிருந்த பூஞ்சணமோ 63 சதவீதமே குறைந்தது. பூஞ்சணம் பிடித்த நெல்லை இது மீட்டுத் தரும் என்று எண்ண வேண்டாம்.

எனக்குப் பெரிய பயம் மூச்சைப் பற்றியது. எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு, பத்து இலட்சத்தில் 0.1 பங்கு மட்டுமே. மேலே சொன்ன அளவு அதைப்போல் 500 மடங்கு. மூக்கு மணத்துக்குப் பழகிவிடும் என்பதால் மணத்தை நம்ப முடியாது. நம் வீடுகளில் நெல் மூட்டை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். அங்கே இந்தக் கருவியை இயக்கவே கூடாது. தனியான, இறுக மூடிய களஞ்சியத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். நிறுத்திய பிறகு நன்றாகக் காற்றோட்டம் விட்டு, உள்ளே அளந்து பார்த்தபின் நுழையுங்கள். இயற்கை இறப்பர் குழாய்களில் ஓசோன் வெடிப்பு விழச் செய்யும், கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டு ஏக்கர்க்காரருக்கு இந்தச் செலவு கட்டாது. அவருக்குத் தறப்பாளும், மெல்லியதாகப் பரப்பி அரைமணிக்கு ஒருமுறை கிளறுவதும், ஊருக்குப் பொதுவாக ஓர் ஈரமானியுமே முதலில் தேவை.