ஒட்டிய மூங்கில் தரையில் ‘டொக் டொக்’: சரிசெய்த விதம்

பசையில் பதித்த மூங்கில் பலகை காலடியில் ‘டொக்’கென்று ஒலித்தால், அந்த இடத்தில் பசை பிடிக்கவில்லை. பெயர்க்காதீர்கள், பக்கத்துப் பலகையின் நாக்கும் (பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் விளிம்பு) சேர்ந்து உடையும். நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொள்ளலான பகுதியை மாஸ்கிங் டேப்பால் குறித்தேன். அதன் இரு முனையிலும் 2 மி.மீ. துளை, பலகையின் கனத்துக்கு மட்டும். ஒரு துளையில் இளக்கமான எபாக்ஸிப் பசையைச் சிரிஞ்சால் மெதுவாக ஏற்றினால் மறு துளையில் எட்டிப் பார்க்கும். அத்தோடு நிறுத்த வேண்டும். வழிந்ததை உடனே துடைத்து, பாலிதீன் விரித்து, 24 மணி நேரம் பாரம் வைத்தேன். துளைக்கு அதே நிற மெழுகு.

ஈரம் ஏறும் கான்கிரீட்டில் இது நிற்காது. பதிக்கும் முன்பே பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் அடியில் வியர்த்திருக்கிறதா பாருங்கள்.

புதிதாகப் பதிப்பவர்களுக்கு: 3 மீட்டர் நீளத்தில் 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் செல்ஃப் லெவலிங் (தானே பரவிச் சமமாகும்) கலவையால் நிரப்புங்கள். பசை டப்பாவில் சொன்ன அளவுப் பல் கரணைதான் (பல் வெட்டிய விளிம்புள்ள கரணை) வேண்டும். பல் தேய்ந்தால் பசை மெலிந்துவிடும். ஆடை கட்டிய பசை பிடிக்கவே பிடிக்காது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே பூசுங்கள். அவ்வப்போது ஒரு பலகையைத் தூக்கி அடிப்பக்கம் முழுக்கப் பசை படிந்திருக்கிறதா பாருங்கள். சுவரோரம் 12 மி.மீ. இடைவெளி, மழைக்காலத்தில் மூங்கில் ஊதும்.